நடுக்கறுப்பு

“ஐயரக் கூப்புடுட்டி” என்று சொல்லி, வேதமணி கஞ்சிக் கரண்டியைத் தள்ளிவிட்டார். பாதிக் கஞ்சி அவர் நெஞ்சில் சிந்தியது. மகள் கிருபாபாய் துண்டை எடுத்துத் துடைத்தாள். அடுப்படித் தரையைத் துடைக்கிற அழுத்தம் அந்தக் கையில் இருந்தது.

“கூப்புடுதேன். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அடுத்த நிமிசம் சீவில்லிபுத்தூருக்கு ஆள் போகும்.”

வேதமணி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்பதால் மூன்று தலையணைகளை அண்டக்கொடுத்து, பத்து நாளாக உட்கார்ந்தேதான் இருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்பட்டை இரண்டும் ஏறி இறங்கின. ராஜபாளையத்து டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, முப்பத்தோரு வருஷத்து மண் தூசியும் சூளைப் புகையும் உள்ளே இருக்கிறது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வேதமணி ஒன்றும் பெரிய பக்திமான் இல்லை. கிறிஸ்துமஸுக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கும் கோயிலுக்குப் போகிறவர், அவ்வளவுதான். ஆனால் மூச்சு குறையக் குறையப் பயம் வந்துவிட்டது. மம்சாபுரம் சபையில் சாகக்கிடக்கிறவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து, ஐயர் என்று ஊர் சொல்லும் குருவானவர் வந்து, வீட்டிலேயே அப்பமும் திராட்சரசமும் கொடுப்பார். திருவிருந்து எடுக்காமல் ஒருவர் போய்விட்டால் ஊர் அதை நாலு தலைமுறைக்குச் சொல்லும். பத்து நாளாக வேதமணி அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பத்து நாளாகக் கிருபாபாயும் தன் கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எண்பத்து மூணுல அந்தச் சூளை எதனால கெட்டுச்சு?”

இதென்ன கேள்வி, சாகப்போகிற மனுஷனிடம்! ஆனால் கிருபாபாய்க்கு வாழ்க்கையே அந்தச் சூளையில்தான் கெட்டுப்போயிருந்தது.

ராஜபாளையம் ரோட்டில் இருக்கிற ஜாடிக் கம்பெனியில் வேதமணிதான் அப்போது சூளைக்காரர். ஊறுகாய் ஜாடி, ஆசிட் ஜாடி எல்லாம் அவர் கையில்தான் வேகும். களிமண்ணோடு கான்சாபுரம் கண்மாய்ச் செம்மண்ணைச் சேர்த்துக் கலக்குகிற தொட்டிக்குப் பொறுப்பு நேசையன். இரும்புச்சத்து உள்ள செம்மண் நூற்றுக்கு இரண்டு பங்கு சேர்ந்தால் ஜாடிக்குத் தேன்நிறப் புள்ளி விழும், விலை ஏறும். அந்த நேசையனுக்குத்தான் கிருபாபாயை நிச்சயம் செய்திருந்தது. பாட்டுப் புத்தகமும் மோதிரமும் மாற்றியாகிவிட்டது. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. மெருகுப் பிரிவில் வேலை. தொட்டிப்பக்கம் போக ஏதாவது சாக்குத் தேடிக்கொண்டே இருப்பாள்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் ஒரு சூளை முழுக்கக் கெட்டது. திறந்து பார்த்தால் அறுநூறு ஜாடியும் கொப்பளம் கொப்பளமாக வீங்கி, வாய் கோணி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சூப்பர்வைசர் சுப்புராஜ் தலையில் அடித்துக்கொண்டார். “செம்மண்ணைக் கூடப் போட்டுட்டாண்டா படுபாவி” என்று நேசையனைப் பார்த்துக் கத்தினார். வேதமணி பக்கத்தில் நின்றார், வாயைத் திறக்கவில்லை. நேசையன் மறுநாளே கணக்கை முடித்துக்கொண்டு விருத்தாசலத்துப் பக்கம் போய்விட்டான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வேதமணி சொன்னார்:

“மண்ணளக்கத் தெரியாத பயலுக்கு என் பிள்ளையக் குடுக்க மாட்டேன்.”

கிருபாபாய் அழுதாள், பட்டினி கிடந்தாள். அப்பா அசையவில்லை. ஆறு மாதத்தில் நேசையனுக்கு ஒரு டீச்சரோடு கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு வந்த மூன்று மாப்பிள்ளைகளை அவளே வேண்டாம் என்றாள். மூன்றாவது ஆளுக்குப் பிறகு யாரும் வரவில்லை.

இவ்வளவும் தலைவிதி என்று விட்டிருப்பாள். அவளைச் சும்மா இருக்கவிடாமல் செய்தது தவசிமுத்து என்று டிப்ளமா படித்துக் கம்பெனிக்கு வந்த ஒரு பையன். எண்பத்தெட்டில் ஒரு சூளை இதேபோல் வீங்கியபோது, அவன் ஜாடிகளை உடைத்து, சில்லுகளை மேசையில் வரிசையாக வைத்துப் பெண்களுக்கெல்லாம் பாடம் எடுத்தான்.

“இங்க பாருங்கக்கா. மண்ணுல இருக்கிற இரும்பு, காத்து இருக்கிற வரைக்கும் செகப்பாத்தான் இருக்கும். புகைபோக்கியை அடைக்கிற டேம்பர் பலகையை எறக்கிப் புகை கட்டுனா, அந்தப் புகை இரும்புல இருக்கிற காத்தைப் பிடுங்கிரும். இரும்பு கறுத்துப்போயி மண்ணைச் சீக்கிரம் இளக வைக்கும். அளவா நடந்தா ஜாடி கல்லாட்டம் எறுகும். செம்மண்ணு கூடிப்போனா, சில்லு இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரை வரைக்கும் ஒரே கறுப்பு. ஆனா இது வேற. ரெண்டு ஓரமும் வெளுப்பு, நடுவுல மட்டும் கறுப்பு. மண்ணுக்குள்ள இருக்கிற கரி எரிஞ்சு தீருறதுக்கு முந்தியே எவனோ டேம்பரை எறக்கிட்டான். தோலு மூடிக்கிட்டுது, கரி உள்ள மாட்டிக்கிட்டுது, பொங்கிருச்சு. இது மண்ணுத் தப்பு இல்ல, சூளைக்காரன் தப்பு.”

அன்று சாயங்காலம் கிருபாபாய் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எண்பத்து மூன்று சூளையில் கெட்ட ஜாடி ஒன்றை அவள் அம்மா உப்புப் போட எடுத்து வந்திருந்தாள். அம்மா செத்தும் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உப்பைத் தரையில் கொட்டிவிட்டு, ஜாடியை அம்மிக் குழவியால் ஒரு போடு போட்டாள். சில்லை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு ஓரமும் வெளுப்பு, நடுவில் கறுப்பு.

வேதமணி வேலை முடிந்து வந்தபோது அவருடைய சோற்றுத்தட்டில் அந்தச் சில்லு இருந்தது. அவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்தார். கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து ஆறு வருஷம் அவள் அவரோடு பேசிய பேச்சை ஒரு கையில் எண்ணிவிடலாம். சோறு. தண்ணி. பூட்டு எங்க. மருந்து. அவ்வளவுதான். நேசையன் பெயரைக் கெடுத்து, தன் கல்யாணத்தைக் கெடுத்து, சம்பளம் கொண்டுவருகிற பிள்ளை வீட்டைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டார் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். சில்லைக் கையில் வைத்துக்கொண்டு அந்த முடிவுக்கு வந்தாள், சில்லு தப்பாக இருக்காது.

ஒன்பது மணிக்கு அடுத்த வீட்டிலிருந்து தங்கபாய் வந்தாள். வேதமணியின் தங்கை. அண்ணனின் நகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கிருபாபாயை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“நகமெல்லாம் நீலம் பாரிச்சிருக்குட்டி. இன்னைக்குத் தாண்டாது. ஐயருக்குச் சொல்லியாச்சா?”

“சொல்லி விட்டிருக்கு அத்தை.”

“எப்ப வாராவளாம்?”

“பிளவக்கல்லுல ஏதோ கூட்டமாம். முடிச்சுட்டு வருவாவ.”

பொய் தடுமாறாமல் வந்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தங்கபாய், “எப்பா ஏசுவே, அதுவரைக்கும் உசிர நிப்பாட்டும்” என்று முணுமுணுத்துக்கொண்டே, வீட்டில் உலை வைத்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள்.

கிருபாபாய் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்பா. உங்களுக்கும் நேரமில்ல, எனக்கும் பொறுமையில்ல. சொல்லுங்க.”

வேதமணியின் கண் திறந்தது. பேச்சு துண்டு துண்டாக வந்தது.

“என் கைதான். டேம்பரை... நாந்தான் எறக்குனேன்.”

அவள் நாற்காலி நுனிக்கு வந்தாள். பதினொரு வருஷம்! “தூங்கிட்டீங்களா?”

“இல்ல.”

“சூடு ஏறலைன்னு தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சே எறக்குனீங்களா?”

“தெரிஞ்சேதான்.”

“எதுக்கு? என் கல்யாணத்தக் கெடுக்கவா?”

வேதமணியின் தோள் ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. உதட்டை நனைக்க நாக்கை நீட்டினார், நாக்கிலும் ஈரம் இல்லை. அவள் தண்ணீர் கொடுக்கவில்லை.

“கேக்குதேன்லா. எதுக்குப்பா?”

“அப்படித்தான்னு வச்சுக்கோயேன்” என்றார். பிறகு, கணக்குத் தீர்ந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னமோ, முகம் கொஞ்சம் தெளிந்தது. “சொல்லிட்டேம்லா. ஐயர... கூப்புடு.”

கிருபாபாய் எழுந்தாள். சொன்னால் கூப்பிடுவதாக அவள்தான் பத்து நாளும் சொல்லியிருந்தாள். வாசலில் பால்காரன் சைக்கிள் நின்றது, ஒரு வார்த்தை சொன்னால் போதும், முக்கால் மணி நேரத்தில் குருவானவர் வந்துவிடுவார். அவள் வாசல்வரை போனாள். பால்காரன் அவள் முகத்தைப் பார்த்து, “என்னக்கா, அப்பாவுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டான். அவள் திரும்பி உள்ளே வந்தாள்.

“ஐயரு கெடையாது. பெத்த பிள்ள வாழ்க்கையில தெரிஞ்சே மண்ணள்ளிப் போட்டவருக்கு அப்பம் ஒரு கேடா? இப்படியே போங்க.”

நிதானமாகத்தான் சொன்னாள். சொல்லும்போது நெஞ்சு குளிர்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. வேதமணி அவளைப் பார்த்தார். கோபப்படவில்லை, கெஞ்சவுமில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை எண்ணினாள். பத்தரைக்குள் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இருபதுவரை எண்ண முடிந்தது. பிறகு நாற்பதுவரை எண்ணினாள், அடுத்தது வரவில்லை.

வெயில் காலம், வைத்திருக்க முடியாது. அன்றைக்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். சுப்புராஜ் மாலையோடு வந்து, “சூளைக் கண்ணு வழியாப் பாத்தே சூடு சொல்லுவாரும்மா, மீட்டரெல்லாம் அவருக்குப் பொறவுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். கிருபாபாய் அழவில்லை. அழாத பிள்ளையைப் பார்த்துப் பெண்கள் இன்னும் பலமாக அழுதார்கள்.

மூன்று மணிக்கு நேசையன் வந்தான்.

லீவுக்கு மாமியார் வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த இடத்தில் கேள்விப்பட்டு வந்திருக்கிறான். ஆள் நன்றாகச் சதை போட்டு, தலை முன்பக்கம் ஏறி, வெள்ளைச் சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருந்தது. பெட்டிக்கு முன்னால் நின்று தலைகுனிந்து ஜெபித்தான். பதினொரு வருஷமாகச் சேர்த்து வைத்ததை அவன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று கிருபாபாய்க்கு இருந்தது. அவனைக் கொல்லைப்பக்கம் வரச்சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள்.

“ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அப்பா இன்னைக்குக் காலையில ஒத்துக்கிட்டாரு. அந்தச் சூளை ஒங்களால கெடல. டேம்பரை அப்பாதான் தெரிஞ்சே முந்தி எறக்கிட்டாரு. ஒங்க மேல ஒரு தப்பும் கெடையாது.”

அவன் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தாள். நேசையன் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

“அது எனக்கு அப்பவே தெரியும்லா கிருபா. நான் பக்கத்துலதான நின்னேன்.”

“நீங்களா?”

“மாமா ஒங்கிட்டச் சொல்லலியா? இம்புட்டு வருசமாவா?” அவன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். “சரி, இனி என்ன இருக்கு சொல்லாம. எங்க அம்மை அந்த டீச்சர் பொண்ணப் பாத்து முடிச்சுட்டா. கவர்மெண்டு சம்பளம், நானும் சரின்னுட்டேன். ஒங்கிட்ட வந்து சொல்ல எனக்குத் தைரியம் வரல. அந்தச் சூளை எரிஞ்ச அன்னைக்குச் சாயங்காலம் அங்க போயி மாமாகிட்டச் சொன்னேன், எனக்குக் கிருபா வேண்டாம் மாமான்னு.”

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலிகளை இறக்கி விரித்துப் போடுகிற சத்தம் கேட்டது.

“மாமா ஒரு வார்த்தை ஏசல. டேம்பர் சங்கிலியப் பிடிச்சுக்கிட்டு நின்னவிய, அப்படியே கைய விட்டுட்டாவ. பலகை எறங்கிருச்சு. ‘மாமா, இன்னும் சூடு ஏறலயே, தூக்குங்க’ன்னு நான் சொல்லுதேன், அவியளுக்குக் காதுல விழல. அப்படியே நிக்காவ. செத்த நேரம் கழிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டாவ. ‘நீ வேண்டாம்னு சொன்னது யாருக்கும் தெரியப்படாதுப்பா. நான் தரமாட்டேன்னு சொன்னதா இருக்கட்டும். வேண்டாம்னு விட்டுட்டுப் போயிட்டான்னா பிள்ள தாங்காது. என்னைய ஏசிக்கிட்டு இருந்துருவா’ன்னாவ.”

கிருபாபாய் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

“அப்பொறம் சுப்புராஜ் செம்மண்ணுன்னு கத்துனதும், எனக்கும் நல்லதாப் போச்சு, கெளம்பிட்டேன். எனக்குத்தான் விருத்தாசலத்துல வேலை பேசி வச்சிருந்துச்சே.” சங்கடத்தில் சிரித்தான். “நீ இன்னுமா அதையே நெனச்சுக்கிட்டு இருக்க? எனக்கெல்லாம் மறந்தே போச்சு.”

நேசையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

“மாமா கடைசில ஏதாவது சொன்னாவளா?”

“தண்ணி கேட்டாரு” என்றாள். அதுகூட உண்மை இல்லை. அவர் தண்ணீர் கேட்கவில்லை, நாக்கைத்தான் நீட்டினார்.

அவன் போன பிறகும் அவள் கல்லைவிட்டு எழவில்லை. அப்பா என்று கூப்பிட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது. யாரைக் கூப்பிட? ஆறு வருஷம் சோற்றை முன்னால் வைத்துவிட்டு மறுபுறம் திரும்பி நின்ற ஒவ்வொரு ராத்திரியும் நினைவுக்கு வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் வாயைத் திறந்திருக்கக் கூடாதா பாவி மனுஷன். உன்னை அவன் வேண்டாம் என்றான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்கு அழுது தீர்த்திருப்பாள். அவளுக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது, தாங்க முடியாத கோபம். அதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.

நாலு மணிக்குச் சபை உபதேசியார் கையில் ஒரு முழுத்தாளும் பேனாவுமாக வந்து அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் இறந்தவரின் ஜீவிய சரித்திரம் வாசிப்பது சபை வழக்கம். பிறந்த தேதி கேட்டார், ஞானஸ்நானம் கேட்டார், கல்யாண வருஷம், வேலை பார்த்த வருஷம் எல்லாம் கேட்டு எழுதினார்.

“கடைசியாத் திருவிருந்து எடுத்தது என்னைக்கும்மா?”

“எடுக்கல.”

பேனா நின்றது. “பிளவக்கல் கூட்டம்னு தங்கபாய் சொன்னாவளே. ஐயரு காலையில வீட்டுலதான இருந்தாரு? நான் அவருகூடத்தான் இருந்தேன்.”

“கூட்டமெல்லாம் இல்ல. அப்பா பத்து நாளாக் கேட்டாரு. நாந்தான் கூப்புடல. சொல்லுங்க, கூப்புடுதேன்னேன். இன்னைக்குச் சொன்னாரு. அப்பவும் கூப்புடல.” அவள் தாளைக் காட்டினாள். “அப்படியே எழுதுங்க. எல்லாரு முன்னாலயும் வாசிங்க.”

உபதேசியார் பேனாவை உதறிக்கொண்டார். முப்பது வருஷத்தில் எத்தனையோ வீடுகளில் இந்தத் தாளோடு உட்கார்ந்தவர்.

“அதெல்லாம் எழுத முடியாதும்மா” என்றார். “இதுக்குன்னு ஒரு முறை இருக்கு.”

“நடந்தத எழுதுங்கய்யா, தயவு செஞ்சு.”

“செத்தவிய பேரைக் கெடுக்கப்படாது. இருக்கிறவிய பேரையும் கெடுக்கப்படாது. நீ முகத்தைக் கழுவிட்டு வா.” மீதியை அவளைக் கேட்காமலே எழுதி, பேனாவை மூடிப் பையில் செருகினார்.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. பெட்டியை இறக்கினார்கள். குருவானவர் ஜெபம் முடித்ததும் உபதேசியார் தாளைப் பிரித்து, குரலை உயர்த்தி வாசித்தார். “...சில மாதங்களாய்ச் சுவாச வியாதியினால் பாடுபட்ட வேளையில், அவர்களுடைய ஏக புத்திரி கிருபாபாய் அம்மாள் இரவும் பகலும் அருகிலிருந்து, யாதொரு குறைவுமின்றிப் பராமரித்து வந்தார்கள். இன்று காலை பத்தரை மணிக்கு, மகளின் கரத்தில், பூரண சமாதானத்தோடே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.”

“ஆமென்” என்றது கூட்டம். நேசையன் குரலும் அதில் தனியாகக் கேட்டது.

உபதேசியார் தாளை மடித்து, வீட்டு வேதாகமத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கிருபாபாயிடம் கொடுத்தார். குழி மூடியானதும் பெண்கள் வரிசையாக அவளிடம் வந்தார்கள். முதலில் வந்தவள் அவள் கை இரண்டையும் சேர்த்துப் பிடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“ஒன்னைய மாதிரி ஒரு பிள்ள யாருக்கு வாய்க்கும்ட்டி” என்றாள்.

பின்னால் வரிசை நீளமாக நின்றது. கிருபாபாய் அவளுக்கு வழிவிட்டு, அடுத்தவளுக்குக் கையை நீட்டினாள்.